அம்மை போடாத வீட்டில் வேப்பிலை

சங்கரன்கோவிலில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் அன்று அத்தையை யாரும் வேறு எதற்கும் கூப்பிடக் கூடாது. அப்பாவின் அக்காவான அவள்தான் எங்கள் வீட்டுத் தண்ணீர் மந்திரி. குடம், வாளி, அண்டா எல்லாம் நிரம்பிய பிறகு சோற்றுப்பானையையும் விடமாட்டாள். கடைசியாகத் தறிக்கூடத்து மூலையில் நிற்கும் நீல டிரம்மில் ஊற்றுவாள். அது அவசரத்துக்கு. அந்த அவசரம் வந்ததும் இல்லை, டிரம் காலியானதும் இல்லை.

அவளுக்கு ஊரில் ஒரே எதிரி, நகராட்சியிலிருந்து டார்ச் லைட்டோடு வரும் கொசு மருந்து அக்கா. வீடு வீடாகத் தொட்டிக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பாள். புழு நெளிந்தால் தண்ணீரைக் கொட்டச் சொல்வாள். அவள் வரும்போது அத்தை டிரம்மின் மேல் நூல் மூட்டையைப் போட்டு மறைப்பாள். அவள் தலை மறைந்ததும் எடுத்துவிடுவாள். ஊரில் காய்ச்சல் பரவிய அந்த மழைக்காலத்தில், தறிக்கூடத்துக்குள்ளும் வந்து மூட்டையைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது.

அத்தை அசரவில்லை. அம்மா புளியங்குடி பஸ் ஏறி வேலைக்குப் போனதும், அப்பாவும் வெளியே கிளம்பியதும், ஒரு கொத்து வேப்பிலையை வாசல் நிலையில் சொருகினாள். பள்ளிக்கூடம் கிளம்பிய என்னைப் பாயில் படுக்க வைத்தாள்.

"ஏட்டி, யாரு வந்தாலும் முனங்கிக்கிட்டே கிட. உனக்கு அம்மை போட்டிருக்கு, கேட்டியா?"

வாசலில் வேப்பிலை தொங்கினால் எங்கள் ஊரில் வெளியாள் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். தபால்காரர்கூடத் தெருவில் நின்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கணக்குப் பரீட்சை இல்லை, குடிக்க இளநீர் வேறு. அத்தையைப் போலப் புத்திசாலி உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

கொசு மருந்து அக்கா வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். "என்னைக்குப் போட்டுச்சு பெரியம்மா? பக்கத்துல வேற பிள்ளைகளுக்கு இருக்கா?" என்று கேட்டாள். அத்தை வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தாள். சாயங்காலம் அம்மா வருமுன் வேப்பிலை குப்பைக்குப் போனது.

அம்மை என்று கேட்டால் ஊரார்தான் வரமாட்டார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் அதைக் கேட்டால்தான் படையாகக் கிளம்பி வருவார்கள். பாவம், அத்தைக்கு அது தெரியாது.

மறுநாள் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. தலை வலிக்குது, கண்ணு வலிக்குது என்றேன். "நேத்து நடிச்சது போதும், எந்திரிட்டி" என்றாள் அத்தை. அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப் வந்து நின்றது. சுகாதார ஆய்வாளர், நர்ஸ், கூடவே கொசு மருந்து அக்கா.

நர்ஸ் என் கையையும் முதுகையும் திருப்பிப் பார்த்தார். "கொப்புளம் ஒண்ணையும் காணோமே?" நர்ஸின் கை என் நெற்றிக்கு வந்தது. "பிள்ளைக்கு அனலா அடிக்கு. உடனே ரத்தம் பாக்கணும், ஜீப்ல ஏத்துங்க."

அதற்குள் அந்த அக்கா தறிக்கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "பெரியம்மா, இங்கன வந்து பாருங்க." டார்ச் வெளிச்சத்தில் டிரம் முழுக்கப் புழு. யாரும் அத்தையைத் திட்டவில்லை. அவளே டிரம்மைச் சாய்த்து முற்றத்தில் கொட்டினாள்.

டெங்கு என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுத்திருந்தேன். தினமும் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள். முடிவு வரும்வரை அப்பா உட்காரமாட்டார். அம்மா அத்தையோடு பேசவே இல்லை. அத்தை என் கால்மாட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் தொட்டியைக் கழுவிப் புகை அடித்தார்கள் என்று அப்பா வந்து சொன்னார். நல்லவேளை, அங்கே வேறு எந்தப் பிள்ளையும் படுக்கவில்லை.

கடைசியில் ஒரு காலையில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "இனிமே பயம் இல்ல. வெள்ளன கூட்டிட்டு வந்ததுனால தப்பிச்சுது. நாளைக்கு வீட்டுக்குப் போலாம்" என்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அத்தையிடம் நீட்டினாள். டம்ளரைக் கையில் வாங்கியதும் அத்தை உடைந்து அழ ஆரம்பித்தாள்.

எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. அத்தனை தண்ணீரையும் தன் கையாலேயே கொட்டினாளே!

"அழாத அத்தை. தண்ணி வந்ததும் டிரம்மை மறுபடி நெறச்சிருவோம்" என்றேன்.

அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதாள். ஒரு டிரம் தண்ணீருக்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.