நாற்பது பேருக்கு ஒரு கட்டை

காஜா அக்கா பதினெட்டு வருஷமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறாள். அந்தத் தையல்கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரே கழிவறை. கையில் மரக்கட்டை இருந்தால்தான் அங்கே போகலாம். கட்டையும் ஒன்றே ஒன்றுதான். "கட்டை இல்லாமல் யாரும் போகக்கூடாது" என்று கழிவறைக் கதவில் எழுதி ஒட்டியவர் சூப்பர்வைசர். அடக்கி அடக்கி அக்காவுக்கு நீர்க்கடுப்பே வந்துவிட்டது.

ஒருநாள் அவள் கட்டையோடு வெளியே வரும்போது, சூப்பர்வைசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கா கதவை விட்டு நகரவில்லை.

"கட்டை எங்க சார்?"

"எனக்கு எதுக்கும்மா கட்டை? அவசரம்!"

"நாங்க மட்டும் பொழுது போகாமலா போறோம்?"

"அம்மா தாயே, வழிய விடு!"

"முதல்ல அந்த நோட்டீஸக் கிழிங்க."

கிழித்துவிட்டுத்தான் உள்ளே ஓடினார். அக்காவின் மெஷினுக்கு ஒரு கால் ஆடும். இப்போது ஆடுவதில்லை, அடியில் அந்தக் கட்டை.