நடு சீட்டிலிருந்து பார்த்த படம்

ஒன்பது வயதில் எனக்கு உயிராக இருந்த காதல் காமெடிப் படம் ஒன்று உண்டு. வாடகைக்கு வீடு கிடைப்பதற்காகக் கதாநாயகன் ஊமையாக நடிப்பான். வீட்டுக்காரர் மகளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடும். பதிலுக்குக் காதலைச் சொல்ல வாயைத் திறந்தால் வீடு போய்விடும். மர்பி டவுனில் எங்கள் தெருப் பையன்களோடு அதை ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தேன். அதனால் அந்தப் படத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவன் போலத்தான் திரிந்துகொண்டிருந்தேன். "மாமாவுக்குப் பொண்ணு பாக்க சினிமாவுக்குப் போறோம், நீயும் வா" என்று அம்மா சொன்னபோது, என் காதில் விழுந்தது சினிமா மட்டும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு இருந்தார். தொழிற்சாலையில் ஃபிட்டர். நல்ல சம்பளம், நல்ல உயரம். பேச்சு மட்டும் கிடையாது. அதற்கு முன் இரண்டு வீடுகளில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்திருந்தார். மாப்பிள்ளைக்குப் பேச வருமா என்று இரண்டு வீட்டாரும் தரகரிடம் விசாரித்தார்கள்.

மூன்றாவது இடம் ஈஜிபுராவில். பெண் கார்மென்ட்ஸில் தையல் வேலை. பாயில் தலைகுனிந்து உட்கார என்னால் ஆகாது, அவர் தியேட்டருக்கு வரட்டும், நானும் அவரைப் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். கிளம்பும்போது அம்மா மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடி சொன்னாள். "இதுவும் போச்சுன்னா நான் இனிமே எங்கயும் வரமாட்டேன்டா. ரெண்டு வார்த்தையாவது பேசு." மாமா தலையாட்டினார். அதையாவது வாயால் சொல்லியிருக்கலாம்.

அல்சூர் பக்கத்து தியேட்டர் ஒன்றில் அதே படம், மேட்னி. மாமாவும் அந்த அக்காவும் ஒரே வரிசை. நடுவில் மரியாதைக்காக நான். பின்வரிசையில் அம்மாவும் பெண்ணின் அண்ணியும்.

படம் தொடங்கியதுமே என் கடமையைத் தொடங்கிவிட்டேன். "இப்ப பாருங்கக்கா, வழுக்கி விழுவான்." "இந்தத் தாத்தா பல்லு செட்டு டீல விழும்." ஒவ்வொரு ஜோக்கும் திரைக்கு வருமுன் என் வாயிலிருந்து வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி, கன்னடமும் தமிழுமாக, "ஏ மரி, சும்னே கூத்கோ, சும்மா உக்காரு. நாங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்கோம்" என்றார். நான் குரலைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்தேன். மாமா சீட்டின் கைப்பிடியை மெஷின் லீவர்போல் பிடித்திருந்தார். இடைவேளையில் இரண்டு பாப்கார்ன் பொட்டலம் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் என் கையில் கொடுத்தார். ஒன்றை அந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டையும் நானே தின்றேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக் காட்சி. நாயகனின் தாய் சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்பதால் மகன் "அம்மா" என்று வாய்விட்டுக் கூப்பிட முடியாமல் தவிக்கிறான். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அந்த இடத்தில் ஜோக் எதுவும் இல்லாததால் நானும் சும்மா இருந்தேன். கிடைத்த இடைவெளியில் அந்த அக்கா என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, உங்க மாமா பேசவே மாட்டாரா?"

"பேசுவாரே. தூக்கத்துல. 'ஸ்பேனர் எடுடா'ன்னு கத்துவாரு."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா சொன்னார். "ஸ்பேனர் இல்ல. சுத்தியல்."

அந்த அக்கா சிரித்தார். துப்பட்டாவை வாயில் அழுத்திப் பார்த்தும் அடங்கவில்லை. தாய் உயிரை விடுகிறாள், இங்கே சிரிப்பு வெடிக்கிறது. அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பி முறைத்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. சீட்டுக்குள் சரிந்து உட்கார்ந்துகொண்டேன்.

சிரிப்பு மட்டும் பின்வரிசைக்குக் கேட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "பெத்தவ சாவுறா, அதுக்குப் போய் சிரிக்குது. எனக்கு என்னமோ சரியாப் படல."

சினிமா சம்பந்தமான விஷயம் என்பதால் நிபுணர் கருத்தை நானும் சொன்னேன். "அந்த அக்காவுக்குப் படமே புரியலம்மா."

அவ்வளவுதான். வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட அம்மா செருப்பை மாட்டினாள். அப்போதுதான் கதவோரமாக நின்றிருந்த மாமா வாயைத் திறந்தார்.

"அவங்க படத்துக்குச் சிரிக்கலக்கா. என்னைப் பாத்துத்தான் சிரிச்சாங்க."

"உன்னைப் பாத்தா சிரிப்பா வருதாமா அவளுக்கு?"

"வரட்டுமேக்கா."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். என் கருத்து மதிக்கப்படவில்லை என்று அன்று நான் ராத்திரிச் சோறு வேண்டாம் என்றேன். பாப்கார்ன் வயிற்றில் இருந்ததால் அது பெரிய தியாகமும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு டிவியில் அந்தப் படம் ஓடியது. நான் முந்திக்கொண்டு சொன்ன ஜோக்குகளில் பாதிக்கு இப்போது எனக்கே சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. அத்தையின் தோள் லேசாகக் குலுங்கத் தொடங்கியது. மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுத்தியல்" என்றார். அவ்வளவுதான், அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சோபாவில் அவர்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இவங்களுக்குப் படமே புரியல."

"ஆமாம்மா" என்றேன். "நீ எழுந்து இந்தப் பக்கம் வந்து உக்காரு."