பாறை விளிம்பில் ஒரு வாடகை இடம்

எண்பதுகளின் கடைசியில் இல்ஃபோர்டில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஜூலை மாதக் கோடையிலும் குரங்குத் தொப்பியைக் கழற்றாதவர். புதிதாக யார் குடிவந்தாலும், வாசலருகே சுவரில் ஒட்டியிருந்த படத்தின் முன்னால் முதலில் கொண்டுபோய் நிறுத்துவார். பழைய காலண்டரில் வெட்டிய படம். ஆர்க்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பாறைமுனை. அதன் விளிம்புகளில் ஒன்றையொன்று இடித்தபடி ஆயிரக்கணக்கான கடற்பறவைகள். இரவானால் இந்த மகான் எங்கோ தன் நல்ல வீட்டுக்குப் போய்விடுவார் என்பது எங்கள் எண்ணம்.

மூன்று பேர் படுத்த எங்கள் அறைக்கு நான்காவது ஆளைக் கூட்டிவந்தார். இது அநியாயம் என்றேன். என்னையும் படத்தடிக்கு இழுத்துப் போனார்.

"தம்பி, இதுகளைப் பாரும். ஒரு சாண் விளிம்பிலை முட்டையிட்டு அடைகாக்குதுகள். ஒண்டெண்டாலும் இடம் காணாதெண்டு சொல்லுதோ?"

"அதுதான் அண்ணை, குஞ்சுகள் பறக்கப் பழக முந்தியே கடலிலை குதிக்குதுகள். டிவியிலை பாத்தனான்."

"அப்ப நீரும் குதியும். கதவு திறந்துதானே கிடக்கு."

குதித்தேன். வந்த அன்று அவர் என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்த சூட்கேஸை எடுக்க, மாடிப்படிக்குக் கீழிருந்த சின்ன அறையைத் திறந்தேன். பெட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, போர்வை, மாற்றுக் குரங்குத் தொப்பி. தலைமாட்டில் அதே பாறையின் இன்னொரு படம்.

எங்களை ஏய்க்கத்தான் அந்தப் பறவைக் கதை என்றிருந்தேன். விசர் பிடித்த மனிதர், அதை நம்பியும் இருக்கிறார்.