சுவர் கோணலில்லை

சென்னகேசவன் பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேஸ்திரி. பம்பு வார்ப்புகளுக்கு மரத்தில் அச்சு செய்தே தலை நரைத்தவர். சாகும்வரை எதைப் பார்த்தாலும் அவர் கை அளக்கத்தான் போகும்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், அக்கா மகன் லட்சுமிநாராயணன் ஏதோ ஓர் ஆபீஸுக்குத் தரை போட்டது போக மிஞ்சிய பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினான். அழுத்திச் செய்த மரப்பலகை. ஒன்றின் விளிம்பில் நாக்கு, அடுத்ததில் அது நுழையும் காடி. சாய்த்து வைத்து அமுக்கினால் கடக்கென்று பூட்டிக்கொண்டது. ஆணி கிடையாது, பசை கிடையாது. சென்னகேசவன் பூட்டினார், கழற்றினார், மறுபடியும் பூட்டினார். காபி ஆறிப் போனது.

"ஒரு மழை தாங்கட்டுங்க, பாக்கலாம்" என்றாள் மனைவி பாவாத்தாள். "தாங்கலைன்னா கொத்தனார் பங்காருவக் கூப்புட்டு மொசைக் போட்டுப்போடுவேன்."

முன்னறையில் வேலை மளமளவென்று நடந்தது. மரம் ஈரத்தில் விரியும், சுவரோரம் விரல் பருமன் இடம் விடு என்று பெட்டியில் வந்த தாளில் படம் இருந்தது. அதைக் கழித்துத்தான் வெட்டினார். ஆனாலும் வரிசையின் கடைசித் துண்டெல்லாம் சுவரை முட்டியது. தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது.

"செவுரு கோணல்" என்றார்.

ஐப்பசி மழை பிடித்தது. பலகை முனைகள் ஒன்றையொன்று நெட்டித் தூக்கிக்கொண்டன.

"ஏனுங்க, இதென்னங்க பூரியாட்ட உப்பிக் கெடக்குது?"

பாவாத்தாள் சொல்லியனுப்ப, பங்காரு வந்துவிட்டார். அந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான்.

"நாங்கட்டுன செவுரா கோணல்? வாங்க மேஸ்திரி, பாத்துப்போடலாம்."

தூக்குக்குண்டு விட்டார். சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. பிறகு ஒரு கடைசித் துண்டைக் கழற்றித் தன் டேப்பை வைத்தார். "எத்தனைக்கு வெட்டுனீங்க?"

"மூணடி."

"இது அதுக்கும் மேல இருக்குதுங்களே!"

சென்னகேசவன் வெட்டக் கோடு போட்ட ஸ்கேலை எடுத்து டேப்போடு சேர்த்து வைத்தார். மூன்றடிக்கே கோடுகள் விலகி நின்றன. அது பேட்டர்ன் ஸ்கேல். வார்ப்பு ஆறும்போது இரும்பு சுருங்குமே, அதை ஈடுகட்ட ஒவ்வோர் அடியையும் கொஞ்சம் நீட்டியே அடித்திருக்கும். அறையை டேப்பில் அளந்து, பலகையை இதில் குறித்திருக்கிறார். நீண்ட அளவு, விட்ட இடத்தைத் தின்றுவிட்டது.

"அட, இரும்பு சுருங்கும்னு மரத்துக்குக் கூட்டிப் போட்டேனே!" தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லவேளை, நீளந்தான். குட்டையா வெட்டியிருந்தாத்தான் வம்பு. பங்காரு, அந்தப் பக்கம் தூக்குங்க!"

"நான் மொசைக் போட வந்தவனுங்க."

"தூக்குங்கய்யா!"

வந்த கொத்தனாரே பலகை கழற்றினார். முனைகளை அறுத்து மறுபடி பூட்டினார்கள். பலகைகள் படிந்தன.

பாவாத்தாள் குதிகாலால் நாலு இடத்தில் ஓங்கி மிதித்தாள். குனிந்து சுவரோர இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"மொசைக்க சமையக்கட்டுல போட்டுக்கலாங்க பங்காரு. இந்த ரூம்பு அவருக்கே இருந்துட்டுப் போகுது."

அது சென்னகேசவன் காதில் விழவில்லை. படுக்கையறை வாசலில் மண்டியிட்டு, டேப்பை விரித்துக்கொண்டிருந்தார்.