கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்

மைக்கக்காவுக்கு அந்தப் பெயர் வந்த காலத்தில் அவளிடம் மைக் கிடையாது. தொண்டை மட்டும்தான் இருந்தது. துறைமுகத்திலிருந்து கிளம்பும் பாய்மரப் படகில், பாய் கட்டிய மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பன்னிரண்டு பெஞ்சு பயணிகளுக்கும் அவள் கரையைக் காட்டுவாள். காட்டுவாள் என்றால் கத்துவாள். அது கலங்கரை விளக்கம், இது மூடிப்போன ஐஸ் தொழிற்சாலை, அதோ பறவை எச்சத்தில் வெளுத்துக் கிடக்கிற பாறைக்கு என் மாமியார் பேரை வெச்சிருக்கேன், யாரும் அவங்ககிட்ட போய் வத்தி வெச்சிடாதீங்க. இப்படி ஒரு நாளைக்கு நாலு நடை. பத்தொன்பது வருஷம்.

காற்றோடு அத்தனை வருஷம் சண்டை போட்டால் தொண்டை சும்மா இருக்குமா? டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது, மூட்டை தூக்குகிறவர் தோள் மாதிரி என்றார். மைக்கக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "இனிமே கத்தவே கூடாது" என்று அடுத்த வாக்கியம் வந்ததும் பெருமை இறங்கிவிட்டது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. முதலாளிக்கு மூன்று மோட்டார் படகு, ஒரு பாய்மரப் படகு. பாய்மரப் படகை அவர் வைத்திருந்தது விளம்பரப் பலகையில் அதன் படம் அழகாக இருக்கும் என்பதற்காக. நேரில் அதில் அவர் கால் வைத்ததே இல்லை.

"ஏம்மா, உன்னை வீட்டுக்கு அனுப்பறேன்னு நினைக்காதே. டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துக்கோ. ஃபேன் இருக்கு" என்றார்.

"படகுல யார் பேசுவாங்க?"

"ரெக்கார்டிங் போட்டுடலாம். நல்ல குரலா ஒருத்தரைப் பிடிச்சுப் பேச வெச்சிருக்கேன். தேன் மாதிரி இருக்கும்."

"டாக்டர் கத்தறதைத்தான் நிறுத்தச் சொன்னாரு. பேசறதை இல்லை."

"கத்தாம பேசினா கடைசி பெஞ்சுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்க வைக்கறேன்."

"எப்படி?"

எப்படி என்று அவளுக்கும் தெரியாது. "பத்து நாள் குடுங்க" என்றாள். முதலாளி கையை ஆட்டினார். அது சரி என்பதாகவும் இருக்கலாம், ஈ ஓட்டியதாகவும் இருக்கலாம். சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது டிக்கெட் கவுண்டரை ஒரு தடவை பார்த்தாள். முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் தட்டு அளவுக்கு ஒரு ஓட்டை, உள்ளே பஞ்சு பிதுங்கிய நாற்காலி. நாள் முழுக்க "எத்தனை பேர்" என்று மட்டும் கேட்கிற வேலை. மீன் தொட்டி. மீனுக்காவது சாப்பாடு தேடி வரும்.

நேரே தம்பி கடைக்குப் போனாள். தம்பி கார்களுக்கு சவுண்ட் போடுகிறவன். தெருமுனையில் கார் திரும்புவதற்கு முன்னாலேயே அதன் டம் டம் வீட்டுக்குள் வந்து பாத்திரங்களை ஆட்டும் இல்லையா, அந்தப் பாவத்தில் பாதி அவனைச் சேரும்.

"அக்கா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான். "ரெண்டு பெருசு போட்டா போதும். உன் குரல் எதிர்க்கரைக்கே கேக்கும்."

"எதிர்க்கரைக்கு எதுக்குடா? கடைசி பெஞ்சுக்குக் கேட்டா போதும்."

அவன் கேட்கவில்லை. சவுண்ட் போடுகிறவர்களுக்கு எப்போதுமே காது கொஞ்சம் மந்தம். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி அளவில் இரண்டு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டினான். அவள் கழுத்தோரம் ஒரு சின்ன மைக்கைக் குத்திவிட்டான். மைக்கக்காவுக்கு வாழ்க்கையில் முதல் மைக்.

அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் சுக்கான் அண்ணனுக்குச் சிரிப்பு வரும். சுக்கான் அண்ணன் என்றால் படகை ஓட்டுகிறவர். சிரிப்பு வருவதே அபூர்வமான ஆள். முதல் பெஞ்சுக்காரர்கள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்கள். கடைசி பெஞ்சுக்காரர்கள் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்கள். காற்று பாதிக் குரலை அள்ளிக்கொண்டு போனது. பாய் எந்தப் பக்கம் விரிந்ததோ அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் பாய்க்கு மட்டும் பேசியது. அன்றைக்குக் கரையைப் பற்றி ஒரு வரி விடாமல் கேட்டது பாய் ஒன்றுதான். போதாததற்கு, அவள் ஸ்பீக்கர் முன்னால் நகர்ந்தாலே அது வாலை மிதித்த பூனை மாதிரி வீரிட்டது.

மூன்றாவது நடையில் படகின் ரேடியோ செத்துப்போனது. ஸ்பீக்கர் இரண்டும் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிட்டிருந்தன.

"கார்ல இப்படி ஆகாதேக்கா" என்று தம்பி தலையைச் சொறிந்தான்.

"கார்ல இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்கும். பேட்டரி ஏறிக்கிட்டே இருக்கும். இங்க இன்ஜின் எங்கடா இருக்கு? அதோ, மேல காத்துல ஆடுது பாரு."

சுக்கான் அண்ணன் சுருக்கமாக முடித்தார். "எனக்கு ரெண்டு விஷயம் கேக்கணும் மைக்கு. ஒண்ணு, கரை ரேடியோல கூப்பிட்டா கேக்கணும். இன்னொண்ணு, பாய் படபடன்னா கேக்கணும். இன்னிக்கு ரெண்டும் கேக்கல. உன் குரல்தான் கேட்டுச்சு."

"கடைசி பெஞ்சுக்கு அதுவும் கேக்கல அண்ணே."

"அப்ப எதுக்கு இந்தக் கூத்து?"

பத்து நாளில் நாலு நாள் போயிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி கடையில் ஒரு சாக்கு மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். உள்ளே ஏதோ நறநறத்தது. மூட்டை நிறைய ஸ்பீக்கர். கார் வாங்குகிறபோதே கதவில் இருக்குமே, உள்ளங்கை அளவில், அது. கார் வாங்கிய மறுநாளே ஆட்கள் வந்து, இதைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போடு என்பார்கள்.

"இது வேலை செய்யுமாடா?"

"செய்யும். ஆனா சத்தம் வராது. பக்கத்துல உக்காந்தாத்தான் கேக்கும். ஒண்ணுக்கும் உதவாது."

பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். மைக்கக்கா எழுந்து மூட்டையை அவிழ்த்தாள்.

"பன்னிரண்டு எடு."

"எதுக்கு?"

"பெஞ்சுக்கு ஒண்ணு. ஆள் பக்கத்துலயே போய் உக்காரட்டும். எனக்குத் தூரமாப் பேச முடியாது. அதுக்கும் முடியாது. ஜோடி சரியா இருக்கு."

மறுநாள் தம்பி டிரில்லோடு படகில் ஏறினான். "படகுல ஓட்டை போடப் போறேன்னு என்கிட்டயே வந்து சொல்றீங்க" என்றார் சுக்கான் அண்ணன். பெஞ்சில்தான், அதுவும் திருகாணி போகிற அளவுக்குத்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகு விட்டார். ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் ஒரு ஸ்பீக்கர் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது. பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் பெட்டி புகைந்துவிடும் என்று தம்பி மூன்று மூன்றாகக் கோர்த்தான். கூட்டத்துக்கு ஒரு வெள்ளைக் கிளிப். கிளிப்பைக் கழற்றினால் அந்த மூன்று பெஞ்சும் ஊமை. உப்புக்காற்று பற்றவைத்த இடங்களை அரிக்காமல் இருக்க நகப்பூச்சு பூசினார்கள். நகப்பூச்சு மகளுடையது. "அம்மா, அது நான் ஆசைப்பட்டு வாங்கினது" என்று மகள் நின்றாள். "இருபத்துநாலு இடத்துல பூசணும். அழறதுன்னா பூசிக்கிட்டே அழு" என்று மைக்கக்கா பிரஷ்ஷை அவள் கையில் கொடுத்தாள். பெஞ்சுக்கு அடியில் யாராவது தலையை நீட்டிப் பார்த்தால் கல்யாணப் பெண்ணின் விரல் மாதிரி எல்லாம் சிவப்பாக மின்னியது.

எட்டாம் நாள். மைக்கக்கா மரத்தில் சாய்ந்துகொண்டு, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். பாறையையும் மாமியாரையும் சொன்னாள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள், "உங்க மாமியார் இருக்காங்களா, போயிட்டாங்களா?" என்றாள்.

"இருக்காங்க. அதனாலதான் மெதுவாப் பேசறேன்."

பன்னிரண்டு பெஞ்சும் ஒரே நேரத்தில் சிரித்தது. பத்தொன்பது வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. முதல் பெஞ்சு சிரித்து முடித்து, பக்கத்தில் விசாரித்து, அது அலை அலையாகப் பின்னால் போய்ச் சேர்வதற்குள் படகு அடுத்த இடத்துக்கு வந்துவிடும்.

ஐஸ் தொழிற்சாலை வந்தது. எப்போதும் அங்கே, மூடி இத்தனை வருஷமாச்சு, ஒரு நாளைக்கு இவ்வளவு டன் என்று கத்திவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு, "எங்கப்பா இதுலதான் வேலை பார்த்தாரு" என்று வாயில் வந்துவிட்டது. "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ஜில்லுன்னு இருக்கற கையை எங்க கன்னத்துல வெச்சு எழுப்புவாரு. நாங்க திட்டுவோம். அந்தக் கையை அவருக்குச் சூடாக்கிக்கத்தான் அப்படிச் செய்யறாருன்னு எங்களுக்குத் தெரியாது." சில விஷயங்களைக் கத்திச் சொல்ல முடியாது. அதனால் பத்தொன்பது வருஷமாக அவள் அதைச் சொன்னதே இல்லை. கயிற்றைப் பிடித்திருந்த சுக்கான் அண்ணன், காற்றில் வந்த தூசி விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடல் நடுவில் ஏது தூசி என்று யாரும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் முதலாளி வந்தார். பளபளவென்று பாலிஷ் போட்ட செருப்போடு முதன்முதலாகப் பாய்மரப் படகில் ஏறி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். படகு கரையில் கட்டியிருக்கும்போதே, "கேக்குதாங்க?" என்றாள் மைக்கக்கா, மரத்தடியிலிருந்து, மெதுவாக.

முதலாளி குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். "பிரமாதம்மா. சுத்தமா, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குது."

அவள் தம்பியைப் பார்த்தாள். கரையில் நின்ற தம்பி கட்டைவிரலைத் தூக்கினான்.

"இதுல ரெக்கார்டிங் போட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றார் முதலாளி.

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்து கூட வந்த ஆளிடம் கொடுத்தார். ஆள் அதைப் பெட்டியில் சொருகி, அவள் மைக்கின் ஒயரைக் கழற்றி, பெட்டி இருந்த அலமாரியைப் பூட்டி, சாவியை முதலாளி கையில் வைத்தான். எல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. பத்து நாள் அவள் ஓடி ஓடிச் செய்தது தன்னைக் கீழே இறக்கிவிடுகிற ஏணி என்று அப்போதுதான் புரிந்தது.

"பேசினபடி கடைசி பெஞ்சுக்குக் கேக்க வெச்சேனே."

"வெச்சே. நான் இல்லைன்னு சொன்னேனா? இன்னிக்கு ஒரு நாள் கூட வா. நாளையிலிருந்து கவுண்டர்."

படகு கிளம்பியது. தேன் பேச ஆரம்பித்தது. "அன்பார்ந்த பயணிகளே, உங்கள் இடது பக்கம் நீங்கள் காண்பது கலங்கரை விளக்கம்." இடது பக்கம் வெறும் கடல். ரெக்கார்டிங்குக்கு முதலாளி நேரம் குறித்தது மோட்டார் படகில் ஒரு சுற்று சுற்றிவந்து. மோட்டார் படகு ரயில் மாதிரி நேராகப் போகும். இன்றைக்குக் காற்று எதிரே. சுக்கான் அண்ணன் வலம், இடம், வலம் என்று வளைத்து வளைத்துத்தான் ஏறிக்கொண்டிருந்தார். பயணிகள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தேன் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அதன் நீளம், அகலம், சுவர் கனம்.

மைக்கக்கா மரத்தை விட்டு நகர்ந்தாள். முதல் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டு, கையை விட்டு, வெள்ளைக் கிளிப்பை அமுக்கி இழுத்தாள். மூன்று பெஞ்சு அமைதியானது.

"ஏம்மா, என்ன பண்றே?" என்றார் முதலாளி பின்னாலிருந்து.

"பெட்டி உங்களுது. நான் தொடல. பெஞ்சுக்கு அடியில இருக்கறது எங்க மூட்டையில இருந்து வந்தது" என்றாள். பிறகு அந்த மூன்று பெஞ்சு நடுவில் உட்கார்ந்து, "கலங்கரை விளக்கம் இப்ப வலது பக்கம், பின்னாடி இருக்கு. ரெக்கார்டிங்ல பேசறவர் மேல தப்பு இல்லை, அவர் படகுல இல்லை" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று பெஞ்சுக்குக் கத்த வேண்டியதில்லை.

சொல்லி முடித்து அடுத்த கிளிப். அடுத்த மூன்று. பிறகு அதற்கடுத்தது.

"படகை நிறுத்துப்பா" என்றார் முதலாளி.

"பாயை இறக்கினா நிக்கும்" என்றார் சுக்கான் அண்ணன். "ஆனா அலை நம்மளை எங்க கொண்டுபோய் விடும்னு என்னால சொல்ல முடியாது. இறக்கட்டுமா?"

முதலாளி வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கடைசிக் கூட்டத்தில் மிச்சம் இருந்தது மூன்று பெஞ்சு. அதில் இரண்டு பெஞ்சு ஆட்கள், முன்னால் எல்லோரும் தலையைச் சேர்த்துக்கொண்டு எதையோ கேட்டுச் சிரிப்பதைப் பார்த்து, பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக முன்னே போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் முதலாளி தனியாக. அவருக்காக மட்டும் மூன்று ஸ்பீக்கர் பேசியது.

"முன்னாடி எடை கூடுது மைக்கு" என்றார் சுக்கான் அண்ணன். "பின்னாடி ஒருத்தராவது கனமா இருக்காரே, பரவாயில்லை."

மைக்கக்கா போய் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கரைக்குப் போனதும் பேசிக்கலாம்" என்றார் அவர், கடலைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்குக் கரைக்கு? இங்கேயே பேசலாம். நான் கவுண்டர்ல உக்கார மாட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு முதல் நடை, அதுக்கு வருவேன். இறக்கணும்னா தூக்கித்தான் இறக்கணும். நான் லேசான ஆளும் இல்லை."

முதலாளி வாயைத் திறப்பதற்குள் தேன் குறுக்கே வந்தது. "உங்கள் இடது பக்கம், அழகிய பழைய படகுத்துறை." அவர் தன்னை அறியாமல் இடது பக்கம் திரும்பினார். ஒரு நீர்க்காகம் மூழ்கி எழுந்தது. வலது பக்கம் பார்த்தார். திரும்ப இடது பக்கம் பார்த்தார். சொந்தப் படகில், சொந்தக் கருவி சொல்வதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்கேம்மா அது?" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

"ஒயரைப் பிடுங்குங்க. சொல்றேன்."

அவர் சுக்கான் அண்ணனைப் பார்த்தார். சுக்கான் அண்ணன் பாயைப் பார்த்தார். முன்னால் ஒன்பது பெஞ்சும் திரும்பி இவரைப் பார்த்தது. குனிந்தார். வயிறு இடித்தது. பக்கவாட்டில் சாய்ந்து கையை விட்டுத் தடவினார்.

"வெள்ளைக் கிளிப். சும்மா இழுத்தா வராது. அமுக்கிட்டு இழுக்கணும்."

கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தேன் பாதி வார்த்தையில் நின்றது. தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் கேட்டது.

"போன வருஷப் புயல்ல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சுங்க" என்றாள் மைக்கக்கா. "அந்த இடத்துல இப்ப நாலு கம்பம் மட்டும் நிக்குது. அதோ, காகம் உக்காந்திருக்கே, அது ஒண்ணு. ரெக்கார்டிங் பேசின உங்க ஆளுக்கு யாரும் சொல்லல போல."

முதலாளி கம்பத்தைப் பார்த்தார். பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து, அவள் பக்கம் பார்க்காமலேயே பெஞ்சில் வைத்தார்.

"உன் மைக்கைச் சொருகிக்கோ. எல்லா ஒயரையும் மறுபடி மாட்டிடு."

மைக்கக்கா சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் மூணை மாட்டறேன்" என்றாள். "நீங்க பிடுங்கினதை நீங்க மாட்டுங்க."