ஒட்டாது என்று சொன்ன மட்கார்டு

பாறசாலையில் என் பட்டறைக்கு வருவதில் பாதி, சேற்றில் ஓட்டும் பைக்குகளின் உடைந்த மட்கார்டுகள்தான். மழைக்காலம் முழுக்க ஒற்றசேகரமங்கலம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஓட்டி விழுகிறார்கள். திங்கட்கிழமை அந்தப் பிளாஸ்டிக் என் மேசைக்கு வந்துவிடும். விரிசல் முடியும் இடத்தில் சிறு துளை போட வேண்டும், இல்லாவிட்டால் மேலும் ஓடும். பிறகு சூட்டுக்கோலால் கம்பி வலையைச் சூடாக்கி உள்ளே பதித்து, அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி மேலே பூச வேண்டும். பல வருடங்களாக அந்தப் புகையில் நின்று, தலை எப்போதும் கனத்தே கிடக்கிறது.

பொழியூரில் இருந்து ஒருவர் வருவார். கடலுக்குப் போகிறவர், முப்பது வயதிருக்கும். படகு இறக்காத நாட்களில் பைக்கோடு மலைப்பக்கம் போய்விடுவார். அவருடைய முன் மட்கார்டை நான்கு முறை ஒட்டியிருந்தேன். ஐந்தாம் முறை அவர் மனைவி அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். நிறைமாதம்.

“அண்ணா, இத ஒட்டாண்டாம். இனி பற்றாதுண்ணு சொல்லணும். நீங்க சொன்னா அவிய கேப்பாவ, ஓட்டப் போவமாட்டாவ.”

மட்கார்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மணி நேர வேலை. சரி என்றேன். இரக்கப்பட்டுத்தான் ஒத்துக்கொண்டேன் என்று பிறகு பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு வேலை குறைந்ததே என்ற நிம்மதியும் அதில் இருந்தது.

கணவர் போனில் கூப்பிட்டபோது, “பிளாஸ்டிக் செத்துப்போச்சு. இனி பற்றாது மக்கா,” என்றேன். “சரி அண்ணா,” என்று வைத்துவிட்டார்.

மனைவி திருப்பிக் கொண்டுபோன மட்கார்டில் அவரே வலை பின்னும் நைலான் நூலால் விரிசலைத் தைத்து, அடுத்த ஞாயிறு ஓட்டியிருக்கிறார். ஓர் இறக்கத்தில் மட்கார்டு பிளந்து சக்கரத்தில் சிக்கியது. தோளெலும்பு முறிந்து நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் கிடப்பதாக, அவரோடு பைக் ஓட்டும் ஒருவர் வந்து சொன்னார்.

போனேன். வராந்தாவில் நின்ற மனைவி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உள்ளே கட்டிலருகே நின்று, “ஒட்டியிருக்கலாம் மக்கா. நான் பொய் சொன்னேன்,” என்றேன்.

“தெரியும் அண்ணா. அண்ணைக்கே அவ அழுதுட்டு எல்லாம் சொல்லிட்டா. ஓட்டாண்டாம்ணு நீங்க நேரா சொல்லியிருந்தா கேட்டிருப்பேனோ என்னவோ. ரெண்டுபேரும் சேந்து ஏமாத்தினப்ப எனக்கு வாசி வந்துட்டு, ஓட்டியே காட்டணும்ணு.”

பாறசாலைக்கு பஸ் ஏறினேன்.

குழந்தை பிறந்து, தோளெலும்பும் கூடி, அவர் மறுபடி கடலுக்குப் போகிறார். பைக்கை விற்கவில்லை, எடுக்கவும் இல்லை என்று கேள்வி. என்னிடம் வருவதில்லை.

போன வாரம் பாலராமபுரத்தில் இருந்து ஓர் அம்மா கூப்பிட்டு அதே உதவியைக் கேட்டார். “ஒட்டினா நிக்கும் அம்மா. பைக் ஓட்டாண்டாம்ணு உங்க மொவன்கிட்ட நீங்கதான் சொல்லணும்,” என்றேன். அவர் போனை வைத்தார். நான் சூட்டுக்கோலைத் திரும்ப எடுத்தேன்.