பின் இருக்கை இல்லாத கார்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், மலேசியாவில் சுங்காய் என்ற ஊரில் ஈப்போ நகருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன். பழைய சின்னக் கார் ஒன்று அருகில் வந்து நின்றது. ஓட்டியவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. முன்னால் ஏறிக்கொண்டேன். பின்னால் இருக்கையே இல்லை, வெறும் தகரம்தான்.

"பின் சீட்டு எங்க ஐயா?"

"கழட்டி வீட்டுல வச்சிட்டேன் தம்பி. பாரம் குறைஞ்சா பெட்ரோல் எண்ணெ மிச்சம்லா."

"வீட்டு ஆளுங்க எங்க உக்காருவாங்க?"

"பெண்சாதி போய்ச் சேந்துட்டா. பிள்ளைங்க கோலாலம்பூர்ல. உக்கார யாரு இருக்கா?"

இறக்கம் வந்ததும் இன்ஜினை அணைத்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே கார் சத்தமில்லாமல் உருண்டது.

"அப்ப என்னை ஏத்துனா எண்ணெ கூடச் செலவாகுமே ஐயா?"

அவர் திரும்பவில்லை. "ஆகும்தான். பேச ஆளு வேணும்லா."

அதன்பிறகு அவர் அதிகம் பேசவுமில்லை.

ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் தெரியத் தொடங்கியதும் கார் இன்னும் மெதுவானது. லாரிகள் ஹாரன் அடித்து எங்களை முந்திப் போயின. அவர் எதையும் பொருட்படுத்தவில்லை. எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி ஓட்டினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.